அவுஸ்திரேலிய ஒரு சதக் காசில் இருப்பது எலியா, அணிலா?

கோண்டாவிலான்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமான கேள்விதான், பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்கச் சொன்னதே என் சின்னவள்.

போன கிழமை அம்மம்மாவின் றங்குப்பெட்டியை ஒதுக்கினோம். மேலே கூறைச்சேலை, அதற்குக் கீழே ஒவ்வொரு இடப்பெயர்விலும் தூக்கிக்கொண்டு ஓடிய காணி உறுதிகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையச் சில்லறை. சதுரமான ஐந்து சதம், விளிம்பு பூப்போல வளைந்த பத்துச் சதம் எல்லாம் பார்த்து மகள் பெரிய சந்தோசத்தில் இருந்தாள். நடுவில் செப்பு நிறத்தில் ஒரு சின்னக் காசு. என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு பக்கம் எலிசபெத் மகாராணி, சுற்றிவர அவுஸ்திரேலியா என்று எழுதி 1981 என்று போட்டிருக்கிறது. பெரிய மாமா 80களில் அங்கே போனவர், முதல் தரம் திரும்பி வந்தபோது எங்களுக்கெல்லாம் கைக்கு ஒன்றாகக் காசு தந்தவர், அதில் ஒன்றாக இருக்கவேண்டும்.

மறுபக்கம்தான் பிரச்சினை. 1 என்ற இலக்கத்தோடு ஒரு விலங்கு. சின்ன உடம்பு, பெரிய கண், வால் மட்டும் கோழி இறகு மாதிரி. நான் எலி என்றேன். மனைவி அணில் என்றாள். மகள் இரண்டையும் ஏற்கவில்லை, "எலியை யாராவது காசில் போடுவார்களா அப்பா" என்று கேட்கிறாள். மாமாவிடம் கேட்கலாம் என்றால் அவர் இப்போது இல்லை.

இன்னொன்று. இணையத்தில் தேடியபோது பறக்கிற மாதிரி ஒரு குட்டி விலங்கின் படங்கள் வந்தன, அதோடு கொழும்பில் யாரோ 'சுகர் கிளைடர்' விற்பதாக ஒரு விளம்பரமும் வந்தது. அதைப் பார்த்ததில் இருந்து வீட்டில் ஒரே அழுகை, வாங்கித் தா வாங்கித் தா என்று. காசில் இருப்பதும் அதுவும் ஒன்றா? உண்மையில் பறக்குமா? வளர்க்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்கொட்டை:

கங்காருவைப் பெரிய காசில் போட்டுவிட்டு மிச்சம் இருந்த இடத்தில் எலியைப் போட்டிருப்பார்கள், ஒரு சதத்துக்கு அவ்வளவுதான் மரியாதை 😄

பகிடியை விடுங்கள். அது பறக்கும் அணில். எங்கள் நாட்டிலேயே இருக்கிறது, சிங்கராஜக் காட்டில் இரவில் மரத்துக்கு மரம் பாயும். இதற்கு ஏன் அவுஸ்திரேலியா வரை போகவேண்டும்?

ராசவள்ளி:

தம்பி கோண்டாவிலான், நான் மெல்பேர்ணில் இருந்து எழுதுகிறேன், வந்து முப்பது வருசத்துக்கு மேல். அந்தக் காசை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், இங்கேயே இப்போது அது கடையில் செல்லாது. 1966இல் டொலர், சதம் என்று மாறியபோது வந்த காசு, 1992இல் ஒரு சதத்தையும் இரண்டு சதத்தையும் புழக்கத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். நான் வந்தபோதே இல்லை. திரும்ப வாங்கியதை உருக்கித்தான் 2000இல் சிட்னி ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்கங்களைச் செய்தார்கள், ஆகவே உங்கள் போத்தலில் இருப்பது பதக்கமாகாமல் தப்பியது.

அதில் இருப்பது இறகுவால் கிளைடர். எலியும் இல்லை, அணிலும் இல்லை, பனங்கொட்டை சொன்னதும் இல்லை (கோபிக்காதேயும் தம்பி). அந்த வரிசைக் காசு முழுவதையும் வரைந்தவர் ஸ்டுவர்ட் டெவ்லின் என்ற பொற்கொல்லர். இரண்டு சதத்தில் கழுத்தைச் சுற்றிச் சேட்டுக் கொலர் விரித்த மாதிரி ஒரு பல்லி, அது எங்கள் வேலி ஓணானின் குடும்பம்தான். ஐந்து சதத்தில் எக்கிட்னா, பத்தில் லயர் பறவை, இருபதில் பிளாட்டிபஸ். கங்காருவும் ஈமுவும் ஐம்பது சதத்தில். சின்ன விலங்குக்குச் சின்னக் காசு என்று நினைத்தாரோ என்னவோ, அந்த இறகுவாலி உலகத்திலேயே மிகச் சிறிய சறுக்கிப் பறக்கும் பாலூட்டி. 10 முதல் 14 கிராம்தான். ஒரு சதக் காசு 2.6 கிராம், ஆக ஐந்து காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அந்த விலங்கைத் தூக்கின மாதிரி இருக்கும். பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

நான் இறகுவாலியை நேரில் கண்டதில்லை. அதன் பெரிய சொந்தக்காரரைக் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இருந்து மலைப்பக்கம் போனால் காடு, அங்கே இரவில் கூட்டிக்கொண்டுபோய் விலங்கு காட்டும் நடை ஒன்று இருந்தது, பிள்ளைகளுக்காகப் போனோம். சிவப்புத் தாள் ஒட்டிய ரோர்ச், வாய் திறக்கக்கூடாது. அரை மணித்தியாலம் ஒன்றும் இல்லை, குளிர், இவர் "வீட்டில் இருந்தே மரம் பார்த்திருக்கலாம்" என்று முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் மேலே இரண்டு கண் மின்னியது. அது தலையை ஒருக்கால் இடம் வலம் ஆட்டிப் பார்த்தது, தூரம் அளக்கிற மாதிரி. பிறகு யாரோ கைலேஞ்சியை உதறி எறிந்ததுபோல ஒரு வெள்ளைச் சதுரம் எங்கள் தலைக்கு மேலால் போனது, சத்தமே இல்லை, அந்தப் பக்கத்து மரத்தில் மோதப்போகிறது என்று நினைக்கிற நேரம் உடம்பை மேல்நோக்கி நிமிர்த்தி நாலு காலாலும் தப் என்று ஒட்டிக்கொண்டது. ஒரு கணம்தான். இவர் அதற்குப் பிறகு முணுமுணுக்கவில்லை.

சுகர் கிளைடர் என்றுதான் அந்த வழிகாட்டிப் பெண் முதலில் சொன்னா, பிறகு திருத்தினா. 2020இல் அந்த ஒரு பெயரை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்துவிட்டார்களாம், எங்கள் பக்கம் இருப்பதன் பெயர் இப்போது கிரெஃப்ட் கிளைடர்.

நுணாவில் வாத்தியார்:

இருபத்தெட்டு வருடம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவன், ஆகவே கொஞ்சம் நீளும்.

பனங்கொட்டை சொன்னதில் பாதி சரி. இலங்கையில் பறக்கும் அணில் இரண்டு வகை உண்டு, ஒன்று பெரியது, மற்றது சிறியது, வடக்கில் நமக்குப் பழக்கமில்லை. அது உண்மையான அணில், கொறிவிலங்கு, எலிக்கு உறவு. கிளைடர் அப்படியல்ல. அது கங்காருவுக்கும் கோலாவுக்கும் உறவு. (கோலாவைக் கரடி என்று நம் பிள்ளைகள் இன்னும் எழுதுகிறார்கள், நான் சிவப்பு மையில் வெட்டி வெட்டிக் களைத்துவிட்டேன்.)

எப்படிச் சொல்லலாம் என்று கேட்பீர்கள். பின்காலைப் பாருங்கள். கங்காரு, கோலா, கிளைடர் மூன்றிலும் இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒரே தோலுக்குள் ஒட்டிக் கிடக்கும், நகம் மட்டும் இரண்டாகத் தெரியும், அதைச் சீப்பாக வைத்து மயிரைச் சீவிக்கொள்ளும். அணிலுக்கு அது இல்லை. இன்னொரு பெரிய வேறுபாடு குட்டி. சுகர் கிளைடர் கர்ப்பமாக இருப்பது 16 நாள்தான். பிறக்கும்போது குட்டியின் எடை ஏறத்தாழ 0.2 கிராம், ஒரு கச்சான் கொட்டையில் பாதிகூட இராது. கண் இல்லை, மயிர் இல்லை, பின்கால் வெறும் மொட்டு. அந்த நிலையில் முன்காலால் தாயின் மயிரைப் பிடித்து ஏறிப் பைக்குள் போய் முலையைக் கவ்விக்கொண்டால் 70 நாள் அளவு அங்கேதான். தாய் குட்டியைப் பையில் வைத்துக்கொண்டே மரத்துக்கு மரம் பாயும்.

பறக்குமா என்றால், பறக்காது, சறுக்கும். வௌவால் சிறகை அடித்துப் பறப்பது, மேலே எழும்பவும் முடியும். இவை உயரத்தில் இருந்து பாய்ந்து காற்றில் வழுக்கித் தாழ வருகின்றன. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் தோல் விரிந்திருக்கும், அதுதான் பாய். சுகர் கிளைடரில் அந்தத் தோல் முன்காலின் ஐந்தாம் விரலில் தொடங்கிப் பின்காலின் முதல் விரல் வரை போகும், அதனால் விரித்தால் சதுரம், ராசவள்ளி கைலேஞ்சி என்றது மிகச் சரி. 50 மீற்றர் அளவு போகும். பெரிய கிளைடர் என்று இன்னொன்று இருக்கிறது, ஒன்றரைக் கிலோ வரை எடை, அதற்குத் தோல் முழங்கையில்தான் தொடங்குகிறது, ஆகவே அது கையை மடக்கி நாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு முக்கோணமாகப் போகும், கும்பிட்டுக்கொண்டே பாய்கிற மாதிரி. அது ஒரே பாய்ச்சலில் 100 மீற்றர் போகக்கூடியது. பறக்கும் அணிலுக்கோ மணிக்கட்டில் ஒரு கசியிழையக் (குருத்தெலும்புக்) குச்சி தனியாக நீட்டிக்கொண்டிருந்து தோலைத் தாங்கும், குடைக் கம்பி மாதிரி. வேலை ஒன்று, கருவி வேறு.

இதைவிட எனக்குப் பிடித்த விசயம் ஒன்று உண்டு. அவுஸ்திரேலியாவுக்குள்ளேயே இந்தச் சறுக்குதல் மூன்று குடும்பங்களில் மூன்று தரம் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. சுகர் கிளைடர் ஒரு குடும்பம், பெரிய கிளைடர் இன்னொன்று, காசில் இருக்கும் இறகுவாலி மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் மிக அருகில் இருக்கும் சொந்தம் சறுக்காது, சாதாரணமாகக் கொப்பில் ஏறித் திரியும் பொசம் விலங்கு. யூக்கலிப்டஸ் காட்டில் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும், கொப்பு கொப்போடு முட்டாது. ஒவ்வொரு தரமும் கீழே இறங்கி நடந்து மறுபடி ஏறினால் தின்ற சாப்பாடு ஏறுவதற்கே போய்விடும், கீழே பிடிக்கவும் ஆள் இருக்கும். ஆகவே மூன்று குடும்பமும் ஒரே விடையை எழுதியிருக்கின்றன, பார்த்து எழுதாமலே.

பனங்கொட்டை:

சரி சேர், தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். சிவப்பு மை வேண்டாம்.

கூழ்ப்பானை:

சுகர் கிளைடர் என்றால் சீனி தின்னுமா? பெயர் ஏன் அப்படி?

நுணாவில் வாத்தியார்:

இனிப்பான நீர் குடிக்கும். பூந்தேன், வேல மரத்துப் பிசின், யூக்கலிப்டஸ் மரத்துச் சாறு. பூச்சியும் தின்னும். சாறு குடிப்பதில் கெட்டிக்காரர் மஞ்சள்வயிற்றுக் கிளைடர். அது மரப்பட்டையைப் பல்லால் கடித்து ஆங்கில 'வி' எழுத்து வடிவில் வெட்டும். இரண்டு பக்கத்தாலும் கசியும் சாறு கீழ்முனையில் வந்து கூடும், அங்கே வாயை வைத்து நக்கும். நல்ல மரம் ஒன்று அமைந்தால் தொடர்ந்து அதற்கே வரும், பழைய வெட்டுத் தழும்புகள் அடிமரம் முழுக்கத் தெரியும்.

கூழ்ப்பானை:

சேர், இதை வாசித்துவிட்டு எழும்பி ஒருக்கால் நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். என் அப்பா சீவல் தொழில் செய்தவர், வடமராட்சிப் பக்கம். ஒரு மரத்தில் தளநார் போட்டு ஏறினால் பாளையைத் தட்டி, நுனியை மெல்லிசாகச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். காலையும் மாலையும் சீவவேண்டும், இல்லாவிட்டால் வாய் அடைத்துப்போகும். "மரத்துக்குக் காயம் ஆறக்கூடாது, நோகவும் கூடாது" என்று சொல்லுவார். கத்தி ஒரு நூல் தடிப்பாகப் போனால் பாளை கெட்டுப்போய்விடும். அந்தப் பாளைக்கத்தியை எங்களைத் தொடவே விடமாட்டார்.

இரவில் வந்து முட்டிக்குள் தலையை விட்டுக் குடிப்பது மரநாய். காலையில் ஏறிப் பார்த்தால் முட்டியில் அரைவாசிதான் இருக்கும், பாளையைச் சுற்றி நகக் கீறல். அப்பா திட்டுவார், ஆனால் பொறி வைக்கமாட்டார், "அதுவும் தவறணைக்கு வருகிற ஆள்தானே, காசு தரத்தான் வழியில்லை" என்பார். மரநாய்க்குச் சீவத் தெரியாது, அப்பா சீவினதில்தான் குடிக்கும். உங்கள் மஞ்சள்வயிற்று ஆளுக்குச் சீவவே தெரிந்திருக்கிறது! முட்டி கட்டத்தான் தெரியாது போலிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரு கிழமைக்கு எல்லோருக்கும் சொல்லித் திரிந்திருப்பார்.

வேறு விலங்குகள் வந்து அந்த வெட்டில் ஓசியில் குடிக்காதா?

நுணாவில் வாத்தியார்:

குடிக்கும். சுகர் கிளைடர், இறகுவாலி எல்லாம் அந்த வெட்டுக்கு வந்து போகின்றன. மஞ்சள்வயிற்றானுக்கு அது பிடிக்காது, துரத்தும். அதன் கத்தல் ஒன்றே போதும், முதலில் கிறீச்சிட்டுப் பிறகு தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், காட்டுக்குள் வெகுதூரம் கேட்கும். பெரிய கிளைடர் நேர் எதிர், சத்தமே போடாது, யூக்கலிப்டஸ் இலையைத் தவிர வேறு எதையும் அநேகமாகத் தின்னாது.

இந்த விலங்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தேவை ஒன்று. மரப்பொந்து. பகல் முழுக்க அதற்குள்தான் தூங்கும், சுகர் கிளைடர் குடும்பமாக ஒரே பொந்தில் ஒட்டிக்கொண்டு படுக்கும், குளிர் கூடினால் உடம்புச் சூட்டைக் குறைத்து ஒடுங்கிக் கிடக்கும். பெரிய கிளைடர் ஒன்று தன் எல்லைக்குள் பல பொந்துகளை மாற்றி மாற்றிப் பாவிக்கும்.

பொந்து எப்படி வருகிறது? நம் ஊரில் செல்லடியில் தலை போன பனைகள் எத்தனை நின்றன என்று ஞாபகம் இருக்கும். நாங்கள் அதை வெறும் முண்டமாகத்தான் பார்த்தோம். ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் மரங்கொத்தி வந்து துளை போட்டது. மஞ்சள் முதுகு, சிவப்புக் கொண்டை, தெற்கில் இருப்பதுபோல முதுகு சிவப்பில்லை. அதன் விலங்கியல் பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது, 'ஜாஃப்னென்ஸ்' என்று. அது குஞ்சு பொரித்துவிட்டுப் போனதும் கிளி வந்தது, மைனா வந்தது. நம் ஊரில் பொந்து வேண்டுமென்றால் ஒரு மரங்கொத்தியும் சில கிழமைகளும் போதும்.

அவுஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. ஒரு இனம்கூட இல்லை. அங்கே பொந்து என்றால் கொப்பு முறியவேண்டும், பூஞ்சணம் பிடிக்கவேண்டும், கறையான் உள்ளே தின்னவேண்டும், நூறு வருடத்துக்கு மேல் எடுக்கும், பெரிய பொந்துக்கு இன்னும் கூட. இன்றைக்கு ஒரு கிழட்டு யூக்கலிப்டஸை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நட்டால் கணக்குச் சரி என்று சொல்ல முடியாது. கிளைடர் நூறு வருடம் எங்கே படுப்பது?

ராசவள்ளி:

சேர் சொன்னதைத்தான் 2019-20 காட்டுத்தீ நேரம் இங்கே கண்ணால் கண்டோம். வானம் கன நாட்களாகச் செம்மஞ்சள் நிறம், கதவிடுக்கில் ஈரத்துணி. எரிந்தது இலை மட்டுமென்றால் திரும்பத் துளிர்க்கும், பொந்து மரங்கள் எரிந்து விழுந்தால் போனதுதான். பெரிய கிளைடரை 2016இல் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியது என்று பட்டியலில் வைத்திருந்தார்கள், 2022இல் அருகிவரும் இனம் என்று ஒரு படி கூட்டிவிட்டார்கள். இரவில் சூடு கூடினால் அது சாப்பிடுவதையே குறைத்துவிடுமாம். மரப்பெட்டி செய்து மரத்தில் கட்டுகிறார்கள், சிலதில் குடியேறுகின்றன, சிலதில் இல்லை.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். சிட்னி முருகன் கோவிலுக்குக் காரில் போகும்போது ஹியூம் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் வீதிக் கரையில் உயரமான மரத்தூண்கள், மேலே குறுக்குச் சட்டம், ஆனால் வயர் ஒன்றும் இல்லை. மின்சாரசபை பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டதாக்கும் என்றுதான் இவர் சொன்னார் (ஊர்ப் புத்தி). பிறகு விசாரித்தால் அது கிளைடருக்குப் போட்ட தூணாம். வீதியை அகலமாக்க மரத்தை வெட்டினதால் ஒரு பாய்ச்சலில் கடக்க முடியாமல் போயிற்று, அதனால் நடுவில் ஏறி இளைப்பாறிப் பாய ஒரு தூண். சில இடத்தில் கயிற்றுப் பாலம். உண்மையில் பாவிக்கின்றன, கமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

முள்ளுக்கம்பிதான் இன்னொரு எமன். இரவில் தாழப் பாயும்போது அந்தத் தோல் கம்பியில் கிழிந்து மாட்டிக்கொள்ளும், காலையில் யாராவது கண்டால் உண்டு. மேல்வரியை மட்டும் முள் இல்லாத கம்பியாக மாற்றச் சொல்லித் தோட்டக்காரர்களிடம் கேட்கிறார்கள். எங்கள் ஊர்க் கிடுகு வேலிக்கு ஒரு கிளைடரும் மாட்டாது, அதை எல்லைக்கு அடைக்கிற ஆட்கள்தான் ஆளோடு ஆள் மாட்டிக்கொள்ளுவார்கள்.

எங்கள் கூரைக்குள் இருப்பது கிளைடர் இல்லை, சாதாரணப் பொசம். இரவில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரிச் சத்தம். என் ரோசா மொட்டும் எலுமிச்சைத் தளிரும் அதற்குத்தான் பயிர் செய்கிறேன். பிடித்துத் தூரத்தில் விடவும் முடியாது, விக்டோரியாவில் பிடித்த இடத்தில் இருந்து 50 மீற்றருக்குள் விடவேண்டும் என்று சட்டம். 50 மீற்றர் என்றால் அது எனக்கு முன்னமே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

வெள்ளவத்தைவாசி:

எல்லோரும் காட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள், அந்தத் தம்பி கேட்ட கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வாங்கவேண்டாம். என் அண்ணாவின் மகன் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒன்று வாங்கினான். ஒரு சோடி வாங்கக் காசு காணாது, ஒன்றுதான். எங்கிருந்து வந்தது, தாள் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு விற்றவர் சிரித்தார், அவ்வளவுதான். வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொடுத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார்.

பகல் முழுக்கத் தூக்கம். இரவு இரண்டு மணிக்குச் சின்ன நாய் குரைக்கிற மாதிரிக் குரைக்கும், ஒரே சீராக, மணித்தியாலக் கணக்கில். கூட்டத்தைக் கூப்பிடுகிற சத்தம் அது என்று பிறகுதான் தெரிந்தது. கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியே விட்டால் தன் மயிரைத் தானே பிடுங்கும். நாலைந்து மாதத்தில் பின்கால் இரண்டும் இழுபடத் தொடங்கிவிட்டது. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு போய்விட்டது என்று மிருக வைத்தியர் சொன்னார், பழத்தை மட்டும் கொடுத்தால் அப்படித்தான் வருமாம். தப்பவில்லை. பெடியன் இரண்டு நாள் சாப்பிடவில்லை, அண்ணா இன்றுவரை அந்தக் கூட்டை எறியவும் இல்லை, மொட்டைமாடியில் கிடக்கிறது.

நல்லாக வளர்த்தால் பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்குமாம். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ராசவள்ளி:

அதோடு வெளிநாட்டு விலங்கை அனுமதி இல்லாமல் இலங்கைக்குள் கொண்டுவரவே கூடாது. இங்கேயே நியூ சவுத் வேல்ஸில் கிளைடரை வீட்டில் வளர்க்க விடமாட்டார்கள், அது பிறந்த மண்ணிலேயே!

ஒருவர் ஆசைக்கு வளர்த்தது என்ன செய்யும் என்பதற்குத் தஸ்மேனியாவைப் பாருங்கள். அந்தத் தீவில் முன்பு இந்தக் கிளைடர் இல்லை. 1835 அளவில் செல்லப்பிராணியாகக் கொண்டுபோனவை தப்பிக் காட்டுக்குள் பெருகின. அங்கே ஸ்விஃப்ட் கிளி என்று ஒரு பச்சைக் கிளி, உலகத்திலேயே தஸ்மேனியாவில் மட்டும்தான் குஞ்சு பொரிக்கும். அதுவும் பொந்தில்தான். இரவில் கிளைடர் அதே பொந்துக்குள் புகுந்து முட்டையைத் தின்னும், குஞ்சைத் தின்னும், அடைகாக்கிற தாய்க்கிளியையும் கொன்றுவிடும். கிளைடர் போய்ச் சேராத சின்னத் தீவுகளில்தான் அந்தக் கிளிக்கு நிம்மதி. அந்தக் கைலேஞ்சியைக் கண்டு வாயைப் பிளந்து நின்ற எனக்கு இதை வாசித்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதன் பிழையா அது? கொண்டுபோனது ஆட்கள்தானே.

கூழ்ப்பானை:

அக்கா, மரநாயைக் கொண்டுபோய் அவுஸ்திரேலியாவில் விட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். விடமாட்டேன், பயப்படாதீர்கள்.

கோண்டாவிலான்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளவத்தை அண்ணையின் கதையை மட்டும் கொஞ்சம் சுருக்கித்தான் சொன்னேன், ஆனாலும் பின்கால் விசயம் வந்ததும் "அப்பா காணும்" என்று எழும்பிப் போய்விட்டாள். வாங்கித் தா என்ற கதை அதோடு முடிந்தது.

சேர், தலை போன பனை எங்கள் பின்வளவிலும் ஒன்று நிற்கிறது. கிணற்றுப் பக்கம் சரிந்து வருகிறது, தறிக்கவேண்டும் என்று மாமனார் ஒரு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்கும் மறுக்க வழியில்லை, கீழேதான் எல்லோரும் குளிக்கிறோம். நேற்று ஏணி வைத்துப் பார்த்தேன், மேல்துளையில் கிளிக்குஞ்சு மூன்று, மயிர் முளைக்கவில்லை. தறிக்கிற ஆளிடம் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறேன்.

ராசவள்ளி அக்கா சொன்ன ஐந்து காசுக் கணக்கை மகள் விடவில்லை. எங்களிடம் ஒன்றுதானே இருக்கிறது, மிச்சம் நாலுக்கு எங்கே போவது? ஒழுங்கையில் நகைவேலை செய்கிற பத்தர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் காசைத் தராசில் வைத்தார், 2.57, தேய்ந்திருக்கிறது என்றார். ஐந்தால் பெருக்கினால் பதின்மூன்றுக்குக் கிட்ட வருகிறது. பத்தர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அலுமாரியைத் திறந்து யாருக்கோ செய்து வைத்திருந்த ஒன்றரைப் பவுன் சங்கிலியை எடுத்து, 12 கிராம், அவள் உள்ளங்கையில் சுருட்டி வைத்தார்.

"இவ்வளவுதான் அந்த விலங்கு, வால் எல்லாம் சேர்த்து."

அவள் கையை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு என்னிடம் இரகசியமாகக் கேட்டாள், குட்டி இதற்குள் எங்கே இருக்கும் என்று. சேர், இறகுவாலிக்குப் பை எந்தப் பக்கம் திறக்கும், முன்பக்கமா பின்பக்கமா? பதில் சொல்லாவிட்டால் இன்றைக்கு இங்கே நித்திரை இல்லை.

நுணாவில் வாத்தியார்:

முன்பக்கம். கங்காரு மாதிரியே, தலைப்பக்கமாகத் திறக்கும். ஏறுகிற விலங்குக்கு அதுதான் வசதி, குட்டி கீழே விழாது. மகளிடம் இதையும் சொல்லுங்கள், ஒரு தரத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டி பிழைக்கும், அத்தனையும் அந்தச் சங்கிலிக்குள்தான்.